மலை விளைத்தது, பெயர் எங்கே?

காலையில் கண் விழித்ததும் தமிழன் கை எதைத் தேடுகிறது? காப்பியை! ஆலைச் சங்கு ஊதுமுன் அரை டம்ளராவது தொண்டையில் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் தலைவலி, எரிச்சல், வீட்டிலே சச்சரவு! அந்தக் காப்பி, நம் சேலத்துக்கு மேலே ஏற்காட்டிலே விளைகிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? ஏரியிலே படகு விடுகிறோம். மே மாதக் கோடை விழாவிலே மலர்க் கண்காட்சி கண்டு மகிழ்கிறோம். திரும்பும்போது ஒரு பொட்டலம் மிளகு வாங்கி வருகிறோம். நெடுநெடுவென நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலிலே, பழம் சிவந்து நிற்கும் செடியை மட்டும் நாம் பார்ப்பதில்லை.

அந்தச் செடியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தவர், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர். ஏற்காட்டின் தந்தை என்று அவருக்குப் பட்டம் உண்டு. தந்தையாம்! அவருக்கு முன் அந்த மலையிலே மக்களே இல்லையா? இருந்தார்கள். மலையாளிகள் என்பார்கள் அவர்களை. கேரளத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். மலைவாழ் தமிழ் மக்கள். அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டனர், பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தார்கள், உண்டார்கள். தோட்டம் வந்தது. சாமை விதைத்த கை, கூடை சுமக்கும் கை ஆயிற்று.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. இந்திய சர்க்கார் முன்னின்று கேட்டுப் பெற்ற ஆண்டு அது. மலைக்காரன் உண்டபோது அது ஏழைக் கஞ்சி. பட்டணத்துச் சீமான் உண்டபோது அது ஆரோக்கிய உணவு! சாமை மாறவில்லை, தோழர்களே, சாப்பிடுகிறவர் மாறினார்!

காப்பிக்கு வருவோம். பங்குனி சித்திரையிலே ஒரு மழை பெய்ய வேண்டும். பூமழை என்று பெயர். பெய்தால் செடி முழுதும் வெள்ளைப் பூ, மல்லிகை மணம். பெய்யாவிட்டால் அந்த ஆண்டு விளைச்சலுக்கே மோசம். பூத்தது காய்த்து, கார்த்திகை மார்கழிக் குளிரிலே பழுக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததைப் பறி, பச்சையை விடு, பத்து நாள் கழித்து மறுபடி வா! இடுப்பிலே பையைக் கட்டி, அட்டை கடிக்கும் ஈரத்திலே நின்று, இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ கொட்டை தேறும். தண்டுத் துளைப்பான் என்றொரு பூச்சி செடிக்குள் புகுந்துவிட்டாலோ, வேரோடு பிடுங்கித் தீயிட வேண்டியதுதான்.

பாடுபட்டு விளைத்ததைத் தோட்டக்காரன் தன் விருப்பம்போல் விற்றானா? அதுதான் இல்லை! 1942ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் விட்டது போக, மீதியெல்லாம் காப்பி வாரியத்தின் பொதுக் குவியலிலே சேர வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். 1990களின் நடுவில்தான் இந்தக் கட்டு அவிழ்ந்தது. அவிழ்ந்ததும் வந்தது உலகச் சந்தை! பிரேசிலிலே பனி விழுந்தால் இங்கே விலை ஏறும். அங்கே விளைச்சல் பெருகினால் ஏற்காட்டுச் சிறு விவசாயி தலையிலே துண்டு!

சரி, விளைந்தது நம் டம்ளருக்கு வருகிறதா? பாதிதான் வருகிறது. மீதி சிக்கரி. அது ஒரு கிழங்கு. வறுத்துப் பொடித்தால் கறுப்பும் கசப்பும் தரும். நெப்போலியன் காலத்துக் கடல் முற்றுகையிலே காப்பி கிடைக்காத பிரெஞ்சுக்காரன் பெரிதும் பிடித்துக்கொண்ட பழக்கம். நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருந்தால் போதும், 49 வரை சிக்கரி கலக்கலாம் என்கிறது நம் நாட்டுச் சட்டம். கலந்த அளவைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்றும் சொல்கிறது. நல்லது! ஆனால் கடையிலே டம்ளரில் ஊற்றித் தரும் காப்பிக்கு எங்கே ஒட்டியிருக்கிறது சீட்டு? சிக்கரி நஞ்சல்ல; சிலருக்கு அந்தத் திடம்தான் பிடிக்கிறது. குடிக்கட்டும். காப்பி விலை கொடுத்துக் கிழங்கு குடிக்கிறோம் என்பதைத் தெரிந்து குடிக்கட்டும் என்பதுதான் நம் வழக்கு.

இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டு, இந்தியக் காப்பி வகைகள் ஐந்துக்குப் புவிசார் குறியீடு தந்தார்கள். குடகு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு. எண்ணிப் பாருங்கள்: கன்னடத்துக்கு மூன்று, கேரளத்துக்கு ஒன்று, ஆந்திரப் பக்கம் ஒன்று. தமிழகம்? பூஜ்யம்! ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக விளைவிக்கும் சேர்வராயனுக்கு அந்த வரிசையிலே இடமில்லை. அடிவாரத்துச் சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் குறியீடு கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் இருந்தது, முனைந்தது, பெற்றது.

"பெயர் கிடைத்தால் கூலிக்காரிக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி! 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி பெயர் ஒரு தனி முதலாளியின் சொத்தல்ல. விளைவிப்போர் சங்கம் கேட்டுப் பெறுவது. பிறகு ஒவ்வொரு விவசாயியும் பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தச் சங்கத்திலே பெரிய எஸ்டேட்டுக்காரர் மட்டும் அமர்ந்துவிட்டால், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிக் குடியானவன் வாசலிலே நிற்பான். விலை ஏறும், பறிக்கும் கூலி ஏறாது.

முடியுமா என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி. காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடித் தொழிலாளரைத் தெருவிலே விட்டபோது, ஏ. கே. கோபாலன் வழிகாட்ட, 1957இல் பெங்களூரிலே அந்தத் தொழிலாளர்களே கூட்டுறவு அமைத்துக் கடை நடத்தினார்கள். தட்டு ஏந்தியவர்கள் நிர்வாகிகள் ஆனார்கள்!

சேர்வராயன் காப்பிக்கு விண்ணப்பம் எழுதும்போது, அதிலே சிறு விவசாயி கையெழுத்து எத்தனை, அத்துடன் பறிப்போர் கூலி பற்றிய பேச்சு உண்டா என்பதை, மலைமேல் உள்ள நம் தோழர்கள் இப்போதே ஊர் ஊராகக் கேட்கத் தொடங்கட்டும்.