பனிக்காலத்தில் குடும்பத்தைக் காப்போம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் மார்கழிப் பனி விலகும் வரை, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சளியும் காய்ச்சலும் வீடுதோறும் பரவுகின்றன. இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் பனியன்று, வைரஸ்களே. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து ஒரே அறையில் உறங்கும்போது, ஒருவரது இருமல் அனைவரையும் தொற்றுகிறது.

ஆகவே, பகலில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். அடிக்கடி சோப்பிட்டுக் கைகழுவுங்கள். இருமல் உள்ளவர் முகக்கவசம் அணிந்து, கைக்குழந்தையையும் முதியவரையும் நெருங்காதிருக்கட்டும். முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, நீரிழிவு, இதயநோய் உள்ளோர் மருத்துவரைக் கலந்து, ஆண்டுதோறும் மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

2018 போகியன்று எழுந்த புகைமூட்டத்தால் சென்னையில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. ஆஸ்துமா உள்ளோர் அன்று விடியலில் வீட்டினுள்ளேயே இருக்கட்டும்.

இருமும் குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுதும் அதன் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்னும் அளவை எட்டினாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ விடியும்வரை காத்திராதீர்கள். முதியவருக்கு மூச்சுத்திணறலோ திடீர் மனக்குழப்பமோ கண்டாலும் அவ்வாறே. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.