மாரிக்குப் பின் மலர்ச்சி: மட்டக்களப்பு வாவிப் பிரதேசமும் ‘வசந்தம்’ என்னும் கருத்தும்

ஈழத்துத் தமிழ்க் கவிதையிலே ‘வசந்தம்’ என்னும் சொல் பரவலாக ஆளப்படுவதொன்றாகும். காதலின் தொடக்கத்துக்கும் விடுதலையின் வருகைக்கும் அதுவே குறியீடாக நிற்கின்றது. ஆயின், குளிர்காலம் கழிந்து முதற் பூக்கள் அரும்பும் அப்பருவம் நமது மண்ணில் எப்போது நிகழ்கின்றது, யாருக்கு நிகழ்கின்றது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை ஆதாரமாகக் கொண்டு அவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. மரங்களை உறையச் செய்யும் குளிர் இங்கு இல்லை. ஆண்டைப் பகுப்பது மழையே. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை பெரும்பாலும் ஒக்டோபர் இறுதி தொடங்கி ஜனவரி வரை பொழிகின்றது. இதுவே மாரி. தை மாதத்தின் பிற்பகுதியில் மழை ஓயத் தொடங்கியதும் வளவுகளின் தோற்றம் மாறுகின்றது. மா பூக்கின்றது. வேலியிலே முள்முருக்கு இலையுதிர்த்து, வெறுங் கொம்பிலே செம்பூக்களை ஏந்துகின்றது. சித்திரையை ஒட்டி வேம்பு பூக்கின்றது. ஐரோப்பியத் தோட்டங்களில் முதற் பூக்களைத் தோற்றுவிப்பவை குளிரின் தளர்வும் பகலின் நீட்சியுமாம். இங்கோ, ஈரம் குறைந்து வறட்சி தொடங்குதலே பல மரங்களின் பூப்புக்குத் தூண்டுதலாகின்றது. மாவின் பூங்கொத்திலே பெருமழை பெய்யின் காய்ப்புக் கெடும் என்பது வளவு வைத்திருப்போர் யாவரும் அறிந்ததே.

இப்பூக்களிலும் வரலாறு படிந்துள்ளது. மாசி, பங்குனியில் வேலிகளை இளஞ்சிவப்பாக்கும் சீமைக்கிளுவை மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. குடியேற்ற ஆட்சிக் காலத்திலே பெருந்தோட்டங்களின் நிழல் மரமாக இலங்கையிற் பரவியது. ‘இயற்கை’ எனக் கவிஞன் வியக்கும் காட்சியின் ஒரு பகுதி மூலதனத்தின் வழியே வந்து சேர்ந்தது என்பது மனங்கொளத்தக்கது.

பழந்தமிழ் இலக்கண மரபு இப்பருவத்தை எங்ஙனம் நோக்கிற்று? தொல்காப்பியர் வேனிலையும் பின்பனியையும் பாலைக்கு உரியவாக்கினார். எனவே மலர்ச்சிப் பருவம் பிரிவின் பருவமாயிற்று. மருதத்துக்கும் நெய்தலுக்கும் அவர் சிறுபொழுதை மட்டுமே கூறினார். அவற்றுக்கு ஆறு பெரும்பொழுதுகளும் உரியன என்பது உரையாசிரியர்கள் தந்த விளக்கம். ஒருபுறம் வயலும் மறுபுறம் கடலும் சூழ்ந்த வாவிப் பிரதேசமோ மருதமும் நெய்தலும் மயங்கிய நிலமாகும். மேலும், இளவேனில் சித்திரையும் வைகாசியுமாகக் கொள்ளப்பட, இங்கு வளவு பூக்கத் தொடங்குவது அதற்கு முன்னரேயாம். எனவே, வசந்தத்தை இப்பிரதேசத்துக்கு வரையறுத்துத் தரும் ஆயத்தமான வாய்பாடு எதுவும் மரபிலே இல்லை எனலாம்.

அவ்வரையறையைத் தந்தது உழைப்பே. மா பூக்கும் அதே வாரங்களிலேதான் பெரும்போக வெள்ளாமையும் முற்றுகின்றது. மாசியிலும் பங்குனியிலும் வெட்டு, சூடடிப்பு, களத்திலே நெல் அளத்தல் ஆகியன நடைபெறும். போடியாரும் முல்லைக்காரரும் கூலியாட்களும் கொண்டிருந்த உறவு முழு வடிவில் வெளிப்பட்ட இடம் அக்களமே. மாரியிலே வாங்கிய கடனைக் களத்திலே அளந்து கொடுத்துவிட்டு வெறுங் கையுடன் மீள்பவனுக்கும், பட்டறை நிறைந்தவனுக்கும் வேலியிலே பூத்த முருக்கு ஒன்றே, பருவம் ஒன்றன்று. இன்று அறுவடை இயந்திரங்கள் பரவியுள்ளமையால், வெட்டுக் கூலியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அப்பருவம் மேலும் சுருங்கியுள்ளது.

உழைக்கும் மக்களின் பண்பாட்டிலே பூ வெறுங் காட்சிப் பொருளன்று. சித்திரைப் புத்தாண்டின் மருத்துநீரிலே தாழம்பூவும் தாமரைப்பூவும் மாதுளம்பூவும் சேர்க்கப்படுகின்றன. அங்கு பூவுக்கு ஒரு பயன்பாடு உண்டு. வசந்தன் கூத்தும் இவ்வகையிலே முக்கியமானது. இளைஞரும் சிறுவரும் கோல்களைத் தட்டிப் பாடி வட்டமாக ஆடும் இவ்வாடல் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு தொடர்புடையது. அதன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் திரட்டி 1940 இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என வெளியிட்டார். ‘வசந்தன்’ என்னும் பெயரைத் தாங்கிய இப்பாடல்கள் மலர்களை வருணிப்பதோடு அமையவில்லை. தெய்வத் துதியோடு வேளாண்மையும் அங்கு பொருளாகின்றது. வசந்தம் என்பது கண்டு களிக்கும் பருவமாக மட்டுமன்றி, ஊர் கூடி ஆடும் பொழுதாகவும் இங்கு பொருள் பெறுகின்றது. அறுவடை முடிந்தபின் கிடைக்கும் ஓய்வே அதன் பொருளியல் அடிப்படையாகும்.

1848 ஆம் ஆண்டின் ஐரோப்பிய எழுச்சிகள் ‘மக்களினங்களின் வசந்தம்’ எனப்பட்டன. பனி உருகும் நாடுகளிலே அக்குறியீடு அனுபவத்திலிருந்து எழுந்தது. நமது முற்போக்குக் கவிஞர்கள் அதனைக் கடன் கொண்டமை குற்றமன்று. ஆனால், மண்ணின் உற்பத்தி உறவுகளிலிருந்து பிரிக்கப்பட்ட குறியீட்டை எவரும் எடுத்தாளலாம். கிழக்கிலே போர் ஓய்ந்தபின் 2007 இல் அரசின் அபிவிருத்தித் திட்டம் ‘கிழக்கின் உதயம்’ எனப்பட்டது. 2009 இன் பின் வடக்கிலே அத்தகைய திட்டத்துக்கு ‘வடக்கின் வசந்தம்’ என்றே பெயர் வைக்கப்பட்டது. கவிஞனின் சொல் அதிகாரத்தின் விளம்பரமாக மாறுவதற்கு நீண்ட தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, திறனாய்வாளர் வசந்தத்தை ‘இயற்கை வருணனை’ என்னும் தலைப்பின் கீழ் ஒதுக்கிவிடுதல் போதாது. எந்தப் பூ, எந்த மாதம், யாருடைய வளவு, களத்திலே யாருக்கு எவ்வளவு அளக்கப்பட்டது என்னும் வினாக்களை அச்சொல்லின்மீது தொடுத்தல் வேண்டும். மழை ஓய்ந்ததும் முருக்கு தானே பூக்கும். அதனை வசந்தமாக்குவது, உழைத்தவன் தன் உழைப்பின் பயனைத் தானே பெறும் சமுதாய உறவேயாகும்.