குட்டி யானை மிஸ் ஆகுதா? நாசிலைக் கழட்டும் முன் மூன்று கேள்விகள்

ஜிஎஸ்டி ரோட்டில் இரும்புலியூர் பாலம் ஏறும் லோடு வண்டிகளின் சத்தத்தைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பத்து வண்டி சீராக ஏறும். ஒன்று மட்டும் தாளம் தப்பி, உடம்பை உலுக்கிக்கொண்டு, வெள்ளைப் புகை விட்டபடி முக்கி முக்கி ஏறும். புத்தகத்தில் இதன் பெயர் மிஸ்ஃபயர். தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் 'மிஸ்ஸிங்' என்பார்கள்.

இதுக்கு வழக்கமா நடக்கும் வைத்தியம் என்ன? முதலில் டீசல் ஃபில்டர் மாத்துவாங்க. சரியாகலன்னா நாசில். அதுலயும் சரியாகலன்னா பம்பைக் கழட்டி கேலிபரேஷனுக்கு அனுப்புவாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு, "என்ஜினே வேலைக்கு வந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை வரும். ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி ஒன்றிரண்டு நாள் நிக்கும். டியூ மட்டும் நிக்காது. எட்டு வருஷம் தாண்டின வண்டின்னா வருஷா வருஷம் எஃப்.சி. வேற.

நான் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: பொருளை மாத்துறதுக்கு முன்னாடி, பழுது எங்கே இருக்குன்னு வண்டியையே சொல்ல வைக்க முடியும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

உதாரணத்துக்கு நம்ம குட்டி யானையை, அதாவது பழைய டீசல் டாடா ஏஸை எடுத்துக்குவோம். 2005-ல் வந்த வண்டி. 702 சிசி, ரெண்டே சிலிண்டர், 16 குதிரைசக்தி. இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் என்ஜினைப் பாதியாக வெட்டியது போன்ற அமைப்பு. நாலு சிலிண்டர் பிக்கப்பில் ஒன்று படுத்தால் கால்வாசி சக்தி போகும். இதில் ஒன்று படுத்தால் பாதியே போச்சு. 20 லிட்டர் தண்ணி கேன் 35 ஏத்தினாலே 700 கிலோவுக்கு மேல். அந்த எடையோடு ஒத்த சிலிண்டரில் பாலம் ஏறுவதை யோசிச்சுப் பாருங்க.

பைக் பழக்கத்தில் பலரும் "பிளக்கைப் பாரு" என்பார்கள். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை 20 மடங்குக்கு மேல் அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பத்திக்கும். அதற்கு மூன்று விஷயம் அமையணும்: அழுத்தம் (கம்ப்ரஷன்), பனி மாதிரி தூவப்பட்ட டீசல், சரியான நேரம். ஐடிலில் என்ஜின் நிமிஷத்துக்கு 900 சுத்து சுத்துதுன்னா, ஒவ்வொரு சிலிண்டரும் 450 தடவை வெடிக்கணும். மூன்றில் ஒன்று குறைஞ்சாலும் தாளம் தப்பும்.

முதல் கேள்வி: எப்போது மிஸ் ஆகுது?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் அடம் பிடிச்சு அப்புறம் சரியானால் ஹீட்டர் பிளக்கைப் பார்க்கலாம். ஆனா என்ஜின் நல்லா சூடான பிறகும் மிஸ்ஸிங் தொடர்ந்தால் அதன்மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை.

தாளமே இல்லாமல் ரெண்டு சிலிண்டரும் மாறி மாறித் தடுமாறினால், ராத்திரி நிறுத்தி வச்சு காலையில் எடுத்ததும் ஓடி ஓடி நின்னால், பெரும்பாலும் டீசல் லைனில் காத்து எடுக்குது. வெடிச்ச ஹோஸ், தளர்ந்த கிளிப், தேஞ்ச செப்பு வாஷர், இவ்வளவுதான் விஷயம். ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணியையும் திறந்து வடிச்சுப் பாருங்க. லைனில் கொஞ்ச தூரம் கண்ணாடி போன்ற ஹோஸைப் போட்டு ஓட்டினால் குமிழி போவது கண்ணுக்கே தெரியும். செலவு மிகக் குறைவு.

புகையும் பேசும். கண் எரியும் வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் வெளியே வருது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், அல்லது காத்து குறைவு. நீலம் என்றால் ஆயில் எரியுது. வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சுகிட்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும்.

இரண்டாவது கேள்வி: எந்த சிலிண்டர்?

சீரான இடைவெளியில் மிஸ் ஆனால் குற்றவாளி ஒரு குறிப்பிட்ட சிலிண்டர். சீட்டைத் தூக்கி, என்ஜினை ஐடிலில் விட்டு, ஒரு நாசிலுக்கு வரும் பைப்பின் நட்டை மட்டும் லேசாகத் தளர்த்துவார் மெக்கானிக். சத்தம் மாறி என்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் இதுவரை உழைச்சுக்கிட்டு இருந்தது என்று அர்த்தம். ஒரு மாற்றமும் இல்லைன்னா அது ஏற்கெனவே செத்துக் கிடக்குது. ரெண்டு சிலிண்டர் வண்டியில் நல்லதைத் தளர்த்தினால் என்ஜின் ஆஃப்கூட ஆகிடும். அதுவும் ஒரு பதில்தான்!

இங்கே ஒரு எச்சரிக்கை. நட்டின்மேல் துணியைச் சுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத்தான் செய்யணும். விரலை எதிரே நீட்டக் கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி காமன் ரயில் வண்டிகளில் இந்தச் சோதனையை செய்யவே கூடாது. அந்த லைனில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகும். அதற்கு ஸ்கேனர் மாட்டித்தான் எந்த சிலிண்டர் என்று பார்க்கணும்.

மூன்றாவது கேள்வி: பழுது இடம் மாறுதா?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. புது நாசில் வாங்காதீங்க. ரெண்டு நாசிலையும் இடம் மாத்திப் போடச் சொல்லுங்க, வாஷர் மட்டும் புதுசு. மிஸ்ஸிங் அடுத்த சிலிண்டருக்குப் போயிடுச்சா? அப்போ நாசில்தான். பம்பு கடையில் டெஸ்ட்டரில் போட்டால் தூவுதா, சொட்டுதா என்று நேராகவே பார்க்கலாம்.

மிஸ்ஸிங் அதே சிலிண்டரில் நிக்குதா? அப்போ நாசிலை விடுங்க, கம்ப்ரஷன் பாருங்க. டீசலுக்கான கேஜ் வேணும், பெட்ரோல் கேஜ் தாங்காது. ரெண்டு சிலிண்டருக்கும் அளவு எடுத்து ஒப்பிடணும். ஒன்று நல்லா குறைஞ்சிருந்தால் முதலில் டாப்பெட் கிளியரன்ஸ். அதுவும் சரியென்றால், ரெண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரசர் காத்தை உள்ளே விட்டுக் காது கொடுத்துக் கேட்கலாம். ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங்ஸ். ஏர் ஃபில்டர் பக்கமோ சைலன்சரிலோ சீறினால் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். கம்ப்ரஷன் ரெண்டிலும் சமமாக இருந்தால், அப்போதுதான் பம்பைக் கழட்டும் முறை வருது.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்லணும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வண்டிகள் மூழ்கின. தண்ணி புகுந்த என்ஜினைச் சுத்தினால் பிஸ்டனால் தண்ணியை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். கொஞ்சமே வளைஞ்சா வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் அந்த பிஸ்டன் முழுசா மேலே வராது, கம்ப்ரஷன் நிரந்தரமாகக் குறையும். எத்தனை நாசில் மாத்தினாலும் தீராத மிஸ்ஸிங் இது. பழைய குட்டி யானை வாங்குபவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதைவிட, ரெண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனைப் பார்ப்பது நல்லது. அதே போல, தண்ணியில் நின்ன வண்டியை ஆசைக்குக்கூட ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க.

நல்ல மெக்கானிக்குகள் இந்த வரிசையில்தான் போவார்கள். அடுத்த தடவை ஒருத்தர் வண்டியைப் பார்த்ததுமே "நாசில் போயிடுச்சு" என்றால், கோபப்படாமல் "எந்த சிலிண்டர்ண்ணே? மாத்திப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேளுங்க. பதில் வந்தால் வண்டியைத் தைரியமா விடலாம். வரலன்னா பர்ஸைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.