வலுவான கடவுச்சொல்

வலுவான கடவுச்சொல் என்பது மனிதராலோ கணினி நிரலாலோ எளிதில் ஊகித்தறிய முடியாத கடவுச்சொல் ஆகும். மின்னஞ்சல், இணைய வங்கி, சமூக வலைத்தளம் முதலியவற்றின் பயனர் கணக்குகளைப் பாதுகாக்க இது பயன்படுகின்றது. நீளம், தேர்ந்தெடுக்கும் முறை, வேறு கணக்குகளில் பயன்படுத்தாமை ஆகிய மூன்றிலும் இதன் வலு தங்கியுள்ளது.

வரலாறு

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான நேரப்பகிர்வு முறைமையில் கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டதால், ஒருவரின் கோப்புகளைப் பிறரிடமிருந்து காக்க இது தேவைப்பட்டது.

1979 இல் ராபர்ட் மாரிசு, கென் தாம்சன் ஆகியோர் யுனிக்சு இயங்குதளத்தின் கடவுச்சொற் பாதுகாப்புப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86% மிகக் குறுகியனவாகவோ, எளிய எழுத்துத் தொடர்களாகவோ, அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் உள்ளனவாகவோ இருந்தன.

தாக்கும் முறைகள்

* அகராதித் தாக்குதல்: சொற்கள், பெயர்கள், முன்னர்க் கசிந்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை நிரல் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். எழுத்துக்குப் பதிலாக அதைப்போன்ற எண்ணையோ குறியையோ இடும் உத்தியையும் இத்தகைய நிரல்கள் அறியும்.
* முழுத்தேடல்: இயலக்கூடிய எல்லா எழுத்துச் சேர்க்கைகளையும் முயல்வது.
* மறுபயன்பாட்டுத் தாக்குதல்: ஒரு தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லைப் பிற தளங்களில் முயல்வது. 2009 திசம்பரில் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் மறைக்கப்படாத வடிவிலேயே கசிந்தன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 ஆகும்.

நீளமும் வலுவும்

விசைப்பலகையின் 95 குறிகளைக் கொண்டு 8 குறி நீளத்தில் சுமார் 6,634 இலட்சம் கோடி சேர்க்கைகளை அமைக்கலாம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26 ஐ மட்டும் கொண்டு 12 எழுத்து நீளத்தில் சுமார் 95,428 இலட்சம் கோடி சேர்க்கைகள் அமையும். இது முன்னதைப்போல் 14 மடங்காகும். எனவே குறிகளின் வகையைக் கூட்டுவதைவிட நீளத்தைக் கூட்டுவது பெரும்பாலும் கூடிய பயன் தரும். எழுத்துகள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே இக்கணக்குப் பொருந்தும். பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் முதலியன நீளமாயினும் வலுவற்றவையே.

உருவாக்கும் முறை

1995 இல் ஆர்னால்டு ரெயின்கோல்டு வெளியிட்ட டைசுவேர் முறையில், பகடையை ஐந்து முறை உருட்டிக் கிடைக்கும் எண்ணுக்குரிய சொல், 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கப்படும். இவ்வாறு ஆறு சொற்களைத் தேர்ந்து கடவுத்தொடர் அமைக்கலாம். குடை, மிளகு, பாலம், ஆமை, விசிறி, நூலகம் போன்ற தொடர்பற்ற சொற்களை ஒரு சிறு கதையாகக் கற்பனை செய்தால் நினைவிற் கொள்வது எளிது. சொற்களை மனம்போனபடி தெரிவு செய்யாது பகடையிடம் விடுவதே இம்முறையின் அடிப்படை. எடுத்துக்காட்டாக வெளியானவற்றை அப்படியே பயன்படுத்தலாகாது.

பேணும் முறை

* ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் தேவை. பலவற்றை நினைவிற்கொள்ள இயலாதபோது கடவுச்சொல் மேலாளர் மென்பொருளைப் பயன்படுத்தலாம்.
* பிற கணக்குகளின் கடவுச்சொற்களை மின்னஞ்சல் வழியாக மீளமைக்க முடியுமாதலால், மின்னஞ்சல் கணக்கை முதலில் பாதுகாக்க வேண்டும்.
* கடவுச்சொற்களைக் குறித்த கால இடைவெளியில் மாற்றச் செய்யும் விதியைத் தவிர்க்குமாறு அமெரிக்கத் தேசியச் சீர்தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017 இல் பரிந்துரைத்தது. கசிந்ததாக அறிந்தால் உடனே மாற்ற வேண்டும்.
* போலித் தளத்தில் உள்ளிட்டால் எத்தகைய கடவுச்சொல்லும் பயனற்றுப் போகும். ஆகவே தள முகவரியைச் சரிபார்ப்பதும் இரு படிச் சரிபார்ப்பை இயக்குவதும் இன்றியமையாதன.