தோட்டத்துத் தமிழும் அச்சுத் தமிழும்

பிரிட்டிஷ் ஆட்சிக்கால மலாயாவில் தமிழ் இரண்டு இடங்களில் வாழ்ந்தது. ரப்பர் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில், அது தாலாட்டாகவும் கூத்தாகவும் ஒப்பாரியாகவும் இருந்தது. பினாங்கு, சிங்கப்பூர், கோலாலம்பூர் நகரங்களின் அச்சுக்கூடங்களில் அந்தாதியாகவும் நாவலாகவும் பத்திரிகையாகவும் வெளிவந்தது. நெடுங்காலம் இவ்விரண்டுக்கும் இடையே போக்குவரத்து அதிகமில்லை. அந்த இடைவெளி குறைந்த கதையே மலாயாத் தமிழ் இலக்கியத்தின் தொடக்கக் கதை. அதன் முக்கியமான பகுதி கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தது.

அந்த இடைவெளிக்கு ஆட்சியின் போக்கும் ஒரு காரணம். காலனி ஆட்சிகள் எல்லாம் ஒரே விதமாக மக்களின் பண்பாட்டில் கை வைக்கவில்லை. 1565 முதல் 1898 வரை பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பெயின், முதலில் மக்களின் மதத்தை மாற்றியது. 1593இல் மணிலாவில் அச்சான முதல் நூல்களில் ஒன்றே தகாலோக் மொழியிலும் அமைந்த ஞானோபதேச நூல்தான். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ‘பாசியோன்’ என்ற நெடும்பாடலை ஊர் ஊராகப் பாட வைத்தது திருச்சபை. பிற்காலத்தில் அதே பாடலின் சொற்களைக் கொண்டே குடியானவர்கள் தங்கள் விடுதலையைப் பேசினார்கள். மலாயாவுக்குப் பிரிட்டிஷார் வந்தது வணிகத்துக்காக. தோட்டக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது மரம் சீவும் கை. அந்தக் கை ஊர் திரும்பாமல் இருக்க மாரியம்மன் கோயில் உதவும் என்றால், கோயிலுக்கு இடம் ஒதுக்குவதில் துரைக்குத் தடை ஏதும் இருக்கவில்லை. மொழியையும் சாமியையும் விட்டுவைத்த இந்த ஆட்சி, மனிதர்களைத் தோட்ட எல்லைக்குள் அடைத்தது.

1931இல் மலாயாவில் ஏறத்தாழ 6 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். தொழிலாளர் தலைவர்களான கங்காணிகள் தங்கள் சொந்த ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டி, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேற்றினார்கள். இன்று அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களும் நிறைந்த கோலாலம்பூரின் பங்சார் அந்நாளில் ரப்பர் தோட்டம்; வட்டாரத்தின் பெயரே அந்தத் தோட்டத்திலிருந்து வந்ததுதான். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, பிறகு பால்வெட்டு, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமப்பது, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விடுவது என்று ஓடிய வாழ்க்கை அது. பாட்டு அந்த வேலைக்கு நடுவிலேயே பிறந்தது. ஊரில் நாற்று நட்டபோது பாடிய மெட்டுகளில் கங்காணியும் தோட்டக் குமாஸ்தாவான கிராணியும் கப்பலும் பால்மரமும் புகுந்தன. மதுரை வீரன் கதையும் காமன் கூத்தும் லயத்து முற்றத்துக்கு வந்தன. பாடியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். மலாயாவைக் களமாகக் கொண்ட முதல் தமிழ் இலக்கியம் எது என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது அவர்களுடைய பாட்டைத்தான். அச்சு அதற்குப் பிறகே வருகிறது.

நகரத்தின் நிலை வேறு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகள் எழுந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த தமிழர்கள் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். 1902இல் சிலாங்கூர் இலங்கைச் சைவர்கள் கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள். 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. தோட்டத்துக் கூலிக்கும் இந்தக் குமாஸ்தாவுக்கும் மொழி ஒன்றுதான். கோயில் வேறு, பள்ளிக்கூடம் வேறு, வாழ்ந்த வாழ்வும் வேறு.

இந்தப் படித்த வட்டத்தின் எழுத்து முதலில் பக்தியாக இருந்தது. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ 1887இல் சிங்கப்பூரில் வெளியானது. மகதூம் சாகிபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அந்த ஆண்டில்தான் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹொசே ரிசால், ஸ்பானியப் பாதிரிமாரின் ஆட்சியைத் தோலுரித்த ‘நோலி மீ தாங்கரே’ நாவலை பெர்லினில் அச்சிட்டார். மலாயாத் தமிழரிடமிருந்து அத்தகைய நூல் அப்போது வரவில்லை. வராததற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. கொடுமையை அனுபவித்தவர்களிடம் பேனா இல்லை. பேனா வைத்திருந்தவர்களின் சம்பளம் சர்க்காரிடமிருந்து வந்தது. க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917இல் வந்தது. மலேசியாவின் முதல் தமிழ் நாவலாக அது எண்ணப்படுகிறது. வே. சின்னையா பிள்ளையின் ‘நவரச கதாமஞ்சரி’ 1930இல் வெளியான சிறுகதைத் தொகுப்பு.

தோட்டத்துக்குள் எழுத்து நுழைய இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், தமிழ்நாட்டிலிருந்து வந்த பாடநூல். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். அந்தக் கல்வி யாரையும் தோட்டத்துக்கு வெளியே கொண்டு போகப் போதுமானதாக இல்லை. ஆனால் பத்திரிகை வாசிக்கப் போதுமானதாக இருந்தது. அதன் விளைவைத் தோட்ட முதலாளிகள் பின்னால் கண்டார்கள்.

இரண்டாவது வழி அந்தப் பத்திரிகைதான். 1924இல் கி. நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தார். சுயமரியாதைப் பேச்சு தோட்டம் வரை பரவியது. 1935இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ பிறந்தது. அதை வளர்த்த கோ. சாரங்கபாணி சாதிக்கும் கள்ளுக்கும் எதிராக விடாமல் எழுதினார். லயத்தில் எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பாட்டு பரவிய அதே முற்றத்தில் செய்தியும் பரவியது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அதன் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர். கோரிக்கைப் பட்டியலே தோட்டத்து வாழ்க்கையின் ஆவணம். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூலி உயர்வும் மனித மரியாதையும் ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றன. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, படை வந்தது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஒரு பத்திரிகைக்காரரும் தோட்டத்து மக்களும் ஒன்றாக நின்ற அந்த மாதங்களில், அதுவரை பிரிந்து கிடந்த இரண்டு தமிழும் ஒன்றாகப் பேசின. அதே ஆண்டின் டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அந்த ஆக்கிரமிப்பின்போது ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர் ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர்.

போருக்குப் பின் எழுதும் கூட்டம் மாறியது. 1950இல் ‘தமிழ் நேசன்’ இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்திச் சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். 1952இல் கு. அழகிரிசாமி அதே இதழின் ஆசிரியப் பொறுப்பேற்றுக் கோலாலம்பூர் வந்து, 1957 வரை இருந்தார். உள்ளூர்க் கதைகளைக் கறாராக விமரிசித்து, கண்முன் உள்ள வாழ்க்கையை எழுதுமாறு அவர் இளைஞர்களைத் தூண்டியது பெரிய தொண்டு. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் தோட்டத்தைப் பற்றியே எழுதத் தொடங்கியிருந்த வேளையில், 1957 ஆகஸ்டில் நாடு விடுதலை அடைந்தது.

பாட்டு மட்டும் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போன பிறகே, இரா. தண்டாயுதம், முத்தம்மாள் பழனிசாமி போன்றோரின் தொகுப்பு முயற்சியால் லயத்துப் பெண்களின் பாடல்கள் நூலாயின. சயாம் ரயில்பாதையின் கதையும் தாமதமாகவே வந்தது; ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1990களில்தான் வெளியானது.