'ஜெயில் களி'ன்னு சிரிக்காதீங்க... அஞ்செட்டி ராகிக் களியை உங்க ரூம்லயே கிண்டலாம்!

ஓசூர்ல ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்திருக்கீங்க. மணி பத்து. என்ன ஆர்டர் பண்ணலாம்னு போனைத் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், பிரியாணி... நேத்து பார்த்த அதே லிஸ்ட்தான். ஊர்ல இருந்து அம்மா கொடுத்துவிட்ட ராகி மாவு மட்டும் ஒரு மாசமா ஷெல்ஃப்ல பிரிக்காமலே இருக்கு.

ஏன் பிரிக்கலைன்னு கேட்டா, "களியா? அதெல்லாம் நமக்கு வராதுங்க, கட்டி தட்டிடும்" என்பது நாம் வெளியில் சொல்கிற காரணம். சொல்லாத காரணம் இன்னொன்று இருக்கு. பக்கத்து பெட்காரர் பார்த்தால், "என்னடா, ஜெயில் சாப்பாடு சாப்பிடுற?" என்று கேட்பாரே!

இந்த ரெண்டு காரணத்தையும் இன்னிக்கு ஒரு கை பார்த்துடலாம்.

ஒரே உருண்டை, மூணு பேரு

தேன்கனிக்கோட்டையில் இருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில், காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர் அஞ்செட்டி. கர்நாடக எல்லை பக்கத்திலேயே. தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் சர்வசாதாரணமாகப் புழங்கும் பகுதி. தமிழ் பேசும் வீட்டில் இது களி. கன்னடம் பேசும் வீட்டில் முத்தே. தெலுங்கு பேசும் வீட்டில் சங்கட்டி. பேரும் பக்குவமும் கொஞ்சம் மாறும். தட்டில் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிற அந்தக் கறுஞ்சிவப்பு உருண்டை ஒண்ணுதான்.

ஆனால், மரியாதை மட்டும் ஒண்ணு இல்லை. தமிழில் யாரையாவது மிரட்டணும்னா, "கம்பி எண்ணி களி திங்கப் போற" என்கிறோம். ஒரு காலத்தில் சிறைகளில் களி கொடுத்ததால் ஒட்டிக்கொண்ட பேச்சு அது. அரிசிச் சோறு கௌரவம், களி இல்லாதவங்க சாப்பாடு என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. விருந்தாளி வந்தால் களிப் பானையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவசரமாக அரிசி களைந்த வீடுகள் எத்தனையோ.

எல்லையைத் தாண்டினால் கதையே வேற. பெங்களூருவிலும் மண்டியாவிலும் 'மிலிட்டரி ஹோட்டல்'களில் முத்தேயும் மட்டன் சாறும் சாப்பிட வரிசையில் நிற்கிறார்கள். 1996-ல் பிரதமரான தேவகவுடா ராகி முத்தே பிரியர் என்பது ஊரறிந்த செய்தி. அதை அந்த மாநிலம் பெருமையாகத்தான் சொன்னது. ஓசூரில் இருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அந்த 40 கிலோமீட்டரில் தானியம் மாறலை, மண்ணும் பெருசா மாறலை. நம்ம கூச்சம் மட்டும்தான் மாறுது.

உருண்டைக்குப் பின்னால் ஒரு ராத்திரி

அஞ்செட்டி மாதிரியான மேட்டு நிலத்துக்கு ராகி ஏன் பொருந்துச்சுன்னா, அது தண்ணிக்கு ஏங்காத பயிர். மழையை நம்பியே விளையும். ராகி வரிசைகளுக்கு நடுவில் அவரை, கடுகு என்று ஊடுபயிர் போடுவதும் இந்தப் பகுதியில் வழக்கம். களியும் குழம்பும் ஒரே நிலத்தில் இருந்து வந்துடும். நன்கு காயவைத்த ராகியில் பூச்சி சுலபமாக இறங்காது. வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். மழை ஏமாற்றிய வருஷங்களில் வீடுகளைக் காப்பாற்றியது அந்தச் சேமிப்புதான்.

ஆனால், இந்த ராகி சும்மா வீட்டுக்கு வந்து சேர்றதில்லை. அஞ்செட்டியைச் சுற்றியுள்ள காடுகள், 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் வருகின்றன. கதிர் முற்றும் பருவத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு இறங்கும். ராகிக் கதிர் என்றால் யானைக்கும் உசிரு. ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தோட ஒரு வருஷச் சாப்பாடு காலியாகிவிடலாம். அதனால் அறுவடை முடியும்வரை பரண் மேலே கண் விழித்துக் காவல் இருப்பார்கள். அதில் உயிருக்கே ஆபத்து உண்டு. உங்க ஷெல்ஃப்ல இருக்கிற அந்த ஒரு கிலோ மாவு, யாரோ தூங்காம இருந்து காப்பாத்தினதா இருக்கலாம்.

கட்டி ஏன் தட்டுது?

இப்ப முதல் பயத்துக்கு வருவோம். கட்டி தட்டுறது உங்க கைராசி இல்லைங்க, அது அறிவியல்.

ராகியில் குளுட்டன் கிடையாது. அதனால் கோதுமை மாவு மாதிரி வெறும் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் இழுவை வராது, உதிர்ந்து போகும். அதை ஒட்டவைப்பது சூடு. கொதிக்கிற தண்ணீரில் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து, உப்பி, பசையாக மாறும். அந்தப் பசைதான் களி.

சிக்கல் எங்கே வருதுன்னா, உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டி உடனே கலக்கும்போதுதான். மாவு சின்னச் சின்ன உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அதன் வெளிப்பக்கம் சட்டென்று வெந்து, பசையாகிச் சுற்றிலும் மூடிவிடும். அப்புறம் உள்ளே தண்ணீர் போக வழியே இல்லை. நடுவில் மாவு பச்சையாகவே கிடக்கும். வாயில் வைத்ததும் 'மாவா இருக்கே' என்று தோன்றுவது அதனால்தான்.

இதுக்கு நம்ம ஊர்ப் பாட்டிகள் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப சிம்பிள்: போட்டதும் கிண்டாதே! மாவைக் கொதிக்கிற தண்ணீர் மேலே குவியலாக விட்டு, நடுவில் கோலால் ஒரு குழி போட்டு, ஆவியில் வேகவிடுவார்கள். மாவு ஈரமான பிறகுதான் கிண்டல் ஆரம்பம்.

வாங்க, கிண்டலாம்!

ரெண்டு பேருக்கு: ராகி மாவு 1 கப், அரிசி நொய் கால் கப், தண்ணீர் 3 கப், உப்பு. அடி கனமான பாத்திரமும் உறுதியான மரக்கரண்டியும் போதும். இண்டக்ஷன் அடுப்பிலும் தாராளமாகச் செய்யலாம்.

1. தண்ணீர் கொதித்ததும் உப்பும் கழுவிய நொய்யும் போட்டுக் குழைய வேகவிடுங்க. நொய் இல்லைன்னா மதியம் மிஞ்சின சோற்றில் ஒரு கைப்பிடி போதும். இதுவும் இல்லைன்னா ஒரு ஸ்பூன் ராகி மாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்க. அப்போ மொத்தத் தண்ணீரை இரண்டேகால் கப்பாகக் குறைச்சுக்கோங்க.

2. தீயைக் குறைத்து, மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்க. கரண்டிக் காம்பால் நடுவே ஒரு குழி. மூடி போட்டு 5 நிமிஷம் தொடாதீங்க. போனைப் பார்க்க இதுதான் டைம்!

3. அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைக் கீழே இறக்குங்க. கிராமங்களில் பானை அசையாமல் இருக்க ஒரு கவட்டைக் கட்டையை வைத்துக் காலால் அழுத்திக்கொள்வார்கள். நீங்க ஒரு துணியால் கெட்டியாகப் பிடிச்சுக்கிட்டா போதும். கரண்டியைச் சுவரோடு அழுத்தி அழுத்திக் கிண்டுங்க. மூணு நிமிஷம் தோள்பட்டைக்கு வேலை. அன்னிக்கு ஜிம் கணக்கில் சேர்த்துக்கலாம்.

4. ஒரு கை தண்ணீர் தெளித்து, சிறுதீயில் மறுபடி மூடி 3 நிமிஷம். ஈர விரலால் தொட்டுப் பாருங்க. ஒட்டாம வந்தா வெந்துடுச்சுன்னு அர்த்தம். தண்ணீர் தொட்ட தட்டில் போட்டு, சூட்டோடு உருட்டிடுங்க. ஆறிட்டா உருண்டை பிடிக்க வராது.

ஒரு எச்சரிக்கை: 'முளைகட்டிய ராகி மாவு' பாக்கெட்டில் களி கிண்டாதீங்க. முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உருவாகும். அதனால் எவ்வளவு கிண்டினாலும் இளகலாகவே நிற்கும். அது கஞ்சிக்கு அருமை, களிக்கு ஆகாது.

தொட்டுக்க? ஒரு கட்டு சிறுகீரை, பத்து சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, ரெண்டு பச்சை மிளகாய், நாலு பல் பூண்டு. எல்லாம் சேர்த்து வேகவைத்து, மத்தால் கடைந்து, கடுகு தாளித்தால் கீரைக் கடைசல் ரெடி. கொஞ்சம் தளர்வா இருந்தாதான் களிக்கு ருசி. கொள்ளுக் கடைசல், மார்கழிக் குளிரில் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமைன்னா நாட்டுக்கோழி, கருவாடு... எல்லாமே ஜோடி சேரும்.

மெல்லாதீங்க, முழுங்குங்க

முதல் தடவை சாப்பிடுறவங்க செய்கிற தப்பு, சப்பாத்தி மாதிரி மெல்வது. பல்லில் ஒட்டி, 'இதையா எல்லாரும் புகழ்றாங்க'ன்னு ஆகிடும். கோலிக்குண்டை விடச் சின்னதாகக் கிள்ளி, விரலால் உருட்டி, குழம்பில் புரட்டி, வழுக்கிக்கொண்டு போக விடணும். ருசி குழம்பில், நிறைவு களியில்.

மிஞ்சின உருண்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டால் காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கரைத்துக் குடிக்கலாம். காலை ஷிஃப்ட்டுக்கு ஓடுறவங்களுக்கு அஞ்சு நிமிஷ டிபன்.

ஹெல்த்தியா?

100 கிராம் ராகியில் சுமார் 340 முதல் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. வெள்ளை அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். ராகி ரொம்பப் பொடிசு என்பதால், அரிசி மாதிரி தீட்டித் தவிட்டை நீக்காமல் முழுசாகவே அரைக்கிறோம். அதனால் நார்ச்சத்தும் கூடவே வரும். மாவை மெல்லிய சல்லடையில் சலிச்சா அதுதான் போயிடும்.

அதுக்காக அது மருந்தும் இல்லை. களியிலும் மாவுச்சத்துதான் அதிகம். சர்க்கரை நோய் இருக்கிறவங்க 'ராகிதானே'ன்னு மூணு உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டையும் நிறையக் கீரையும் பருப்பும்தான் நல்ல கணக்கு.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவிச்சது. அதன் பிறகு ராகி குக்கீஸ், ராகி நூடுல்ஸ் என்று சூப்பர் மார்க்கெட் நிறைஞ்சு போச்சு. அவற்றை வாங்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. பலவற்றில் மைதாவும் சர்க்கரையும்தான் முதலில் இருக்கும். கண்ணாடி ஜாடியில் குக்கீயாக வந்தால் ஸ்டைல், அம்மா கையில் களியாக வந்தால் கூச்சமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாக்கெட்டைப் பிரிங்க. முதல் தடவை ரெண்டு கட்டி தட்டத்தான் செய்யும், பரவாயில்லை. கிண்டும்போது ஊருக்கு ஒரு வீடியோ கால் போடுங்க. "தீயைக் குறைடா... இப்ப கிண்டாதே, இரு"ன்னு அம்மா அங்கிருந்தே சொல்லிக்கொடுப்பாங்க. பக்கத்து பெட்காரர் 'ஜெயில் சாப்பாடா'ன்னு கேட்டா பதில் சொல்லாதீங்க. ஒரு உருண்டையை அவர் தட்டிலும் வைங்க!