பருத்திக் காய்ப்புழுவும் புகலிடப் பயிரும்

பருத்தியைத் தாக்கும் பூச்சிகளுள் காய்ப்புழுக்கள் கொடியவை. புழு காய்க்குள் புகுந்துவிட்டால், தெளிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை. ஆதலின், செடியே புழுவைக் கொல்லுமாறு செய்யும் முறையை விஞ்ஞானிகள் நாடினர்.

பாசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்னும் பாக்டீரியா ஒருவகைப் புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. இப்பாக்டீரியா 1901 இல் ஜப்பானில், நோயுற்ற பட்டுப்புழுக்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. புழுவின் காரத்தன்மை வாய்ந்த குடலில் இப்படிகம் கரைந்து, குடற்சுவரைத் துளைக்கிறது. புழு இரையெடாது மடிகிறது. இப்புரதத்திற்குரிய ஜீனைப் பெற்ற பயிரே பி.டி. பருத்தியாகும். இந்தியாவில் இதனைப் பயிரிட 2002 இல் அனுமதி அளிக்கப்பட்டது. இரண்டு ஜீன்கள் கொண்ட வகை 2006 இல் வந்தது.

எனினும், இளஞ்சிவப்புக் காய்ப்புழு இத்தடையை வென்றுவிட்டது. ஒற்றை ஜீன் பருத்தியைத் தின்றும் சாகாத புழுக்கள் குஜராத்தில் தோன்றியமை 2010 இல் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இரட்டை ஜீன் பருத்தியும் அதற்கு இரையாயிற்று. 2017 இல் மகாராஷ்டிரத்தில் பெருஞ்சேதம் விளைந்தது.

இதன் காரணம் யாது? நஞ்சைத் தாங்கவல்ல புழுக்கள் தொடக்கத்தில் மிக அரியவை. வயல் முழுவதும் பி.டி. பருத்தியே இருப்பின், அவை மட்டும் பிழைத்துத் தம்முள் கூடிப் பெருகும். அருகில் சாதாரணப் பருத்தி இருப்பின், அங்கு வளரும் நஞ்சைத் தாங்காத அந்துப்பூச்சிகளுடன் அவை கூடும். அவ்வாறு பிறக்கும் புழுக்களிற் பெரும்பாலானவை பி.டி. செடியில் மடியும். இச்சாதாரணப் பருத்தியே ‘புகலிடப் பயிர்’ எனப்படும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெரும்பாலும் பருத்தியையே நம்பி வாழ்வதால், பிற பயிர்கள் அதற்குப் புகலிடமாவதில்லை.

வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ, பரப்பில் 20 சதவீதமோ, இவற்றுள் எது மிகுதியோ அவ்வளவில் புகலிடப் பயிர் இடவேண்டுமென 2002 இல் விதிக்கப்பட்டது. விளைச்சல் குறையுமென அஞ்சிய உழவர் பலர், இதற்கெனத் தனியே தரப்பட்ட விதையை விதைக்கவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலோ உழவர் இவ்விதியைக் கைக்கொண்டனர், அங்கு பி.டி. பருத்தி ஆற்றல் குன்றாதிருந்தது. 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளும் விடப்பட்டன. அமெரிக்கப் பருத்தி நிலங்களிலிருந்து இப்புழு ஒழிந்ததாக 2018 இல் அறிவிக்கப்பட்டது.

களப்பணியாளரும் ஆசிரியரும் உழவருக்கு எடுத்துரைக்க வேண்டியவை சிலவே: புகலிட விதையை ஒதுக்கலாகாது, இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளை எண்ணிவர வேண்டும், பொறி ஒன்றுக்கு இரவில் எட்டு வீதம் மூன்று இரவுகள் தொடர்ந்து விழுந்தால் தடுப்புமுறைகளைத் தொடங்க வேண்டும், பருவம் முடிந்ததும் பருத்திமாரை வயலில் நிற்கவிடலாகாது. ஒருவர் மட்டும் செய்தால் பயன் சிறிதே. ஊரார் ஒன்றுகூடிச் செய்தலே சிறந்த பலனளிக்கும்.